தண்ணீர் மேல் நின்ற பெயர்

மே 4

அன்புள்ள மச்சானுக்கு,

போன வாரம் போனில் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் ஊரில் பெய்ததா, எங்கள் ஊரில் பெய்ததா, எவ்வளவு நேரம் பெய்தது. வைத்த பிறகுதான், சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை என்று தெரிந்தது. உங்கள் தங்கை இருந்தவரை நம் இரண்டு பேருக்கும் நடுவில் அவளே பேசிவிடுவாள். நாம் தலையாட்டினால் போதும். இப்போது நாமே பேச வேண்டியிருக்கிறது, எனக்கு வரமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வாலுவின் சமாச்சாரம். மேல் வரிசையில் முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் வீட்டில் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறது. "மாமாவுக்குப் போட்டோ அனுப்பாதீங்கப்பா, நேர்ல காட்டிக்கிறேன்" என்று கட்டளை. ஏழு வயதுக்கு இவ்வளவு அதிகாரம் ஆகாது. எல்லாம் நீங்கள் கொடுத்த செல்லம்.

எனக்கு வேலை அதிகம். மருத்துவமனையில் இரண்டு லிப்டையும் ஒன்றாகப் பிரித்துப் போட்டிருக்கிறோம். நாளெல்லாம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, வீட்டுக்கு வந்து படுத்தால் கட்டில் மேலே போகிற மாதிரி இருக்கிறது.

நாம் வருஷாவருஷம் வாடகைக்கு எடுக்கிற ஏரிக்கரை வீட்டின் சொந்தக்காரர் போன் செய்தார். "ஜூன் மாசம் முதல் வாரக் கடைசி உங்களுக்குத்தானே?" என்றார். போன வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் வாய் தானாகவே சரி என்று சொல்லிவிட்டது. வழக்கம்போல நம் சிநேகிதர் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் வருகிறார்கள். நீங்களும், நான் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்ட உங்கள் வீட்டம்மாவும் வராமல் முடியாது.

இதற்கு மேல்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொருவரும் வருவார், மச்சான். நீங்கள் சரி என்று சொன்னால்.

போன குளிர்காலத்தில் உங்கள் தங்கையின் நீலக் கோட்டை வாலு அலமாரியிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தரையெல்லாம் பெருக்கிக்கொண்டு வந்தது. "இத எனக்குச் சின்னதாக்கிக் குடுங்க" என்றாள். உடுப்புகளைப் பிரித்துத் திருத்தித் தருகிற கடை ஒன்று எங்கள் தெருமுனையில் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே தையல் வேலை செய்கிற பெண் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, "இது யாரோடது?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படின்னா நீங்க இங்கயே உக்காருங்க. வெட்டும்போது வீட்டு ஆளு ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்" என்றார். உட்கார்ந்தேன். அவர் வெட்டி முடிக்கிறவரை கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் தொடங்கியது. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாலுவுக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எனக்கும்.

நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். கேட்காமல் அழைத்துவந்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம்.

என்றும் உங்கள்
மாப்பிள்ளை


மே 13

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கடைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் ஒரு பெரியவர் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் நான் போட்டுக் கொடுத்த கண்ணாடியில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம். அதுதான் புகார். "என் பொண்டாட்டிக்கு இவ்வளவு வயசாயிடுச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது சார். பழைய கண்ணாடியவே குடுத்துடுங்க" என்றார். அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். படித்து முடித்ததும், எனக்கும் பழைய கண்ணாடியே தேவலை என்று தோன்றியது.

பதில் தாமதமாகிவிட்டது. முதலில் "மிக்க மகிழ்ச்சி" என்று எழுதினேன். வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன். அடுத்து "உங்கள் விருப்பம்" என்று எழுதினேன். கோபித்துக்கொண்ட ஆள் எழுதுகிற வார்த்தை அது. அதையும் கிழித்தேன். உங்கள் அக்கா குப்பைத்தொட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன, காதல் கடிதமா?" என்றாள். கடிதத்தை அவளிடம் நீட்டினேன்.

படித்துவிட்டுச் சொன்னாள்: "அவர் என்ன சாமியாராப் போகணுமா? சின்ன வயசு, கையில ஒரு பிள்ளை. கூட்டிட்டு வரட்டும். நல்ல மாதிரி கேட்டிருக்காரு, நீங்களும் நல்ல மாதிரி பதில் எழுதுங்க."

எழுதுகிறேன். கூட்டிக்கொண்டு வாருங்கள்.

என்னை நீங்கள் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டீர்கள். அதை மறக்க மாட்டேன். பட்டாணி என்று நான் என் தங்கைக்கு வைத்த பெயர் முதல் தடவை உங்கள் வாயில் வந்தபோது எனக்குச் சுருக்கென்றது, தெரியுமா? யார் இவர், நேற்று வந்தவர், நம் வீட்டுப் பெயரை எடுத்துக்கொள்கிறார் என்று. பிறகு அவள் கடைசியாகப் படுத்திருந்த நாட்களில், நீங்கள் "பட்டாணி, பட்டாணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அவளுக்கு மருந்து கொடுத்தீர்கள். அந்தப் பெயர் உங்களுக்கே சொந்தம் என்று அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன். அதனால் உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் என் மூஞ்சியைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வீட்டில் மூலை அறை, ஜன்னலைத் திறந்தால் நேரே தண்ணீர் தெரியுமே, அதில் நானும் உங்கள் அக்காவும் படுத்துக்கொள்கிறோம். கடைசித் தடவை போனபோது பட்டாணி இரண்டு நாளும் அங்கேதான் போர்வைக்குள் கிடந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் அங்கே துணி மாட்டுவதை என்னால் பார்க்க முடியாது. அவ்வளவுதான்.

வாலு ஏன் எனக்குப் போன் செய்வதில்லை? பல் போன பிறகு பேச்சும் போய்விட்டதா என்று கேளுங்கள்.

அன்புடன்,
மச்சான்


மே 21

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனேன். ஓரமெல்லாம் கிரீஸ் ஆகிவிட்டது. நன்றி என்று ஒரு வார்த்தையில் சொன்னால் குறைவாக இருக்கிறது.

மூலை அறை உங்களுக்குத்தான். அவரிடமும் சொல்லிவிட்டேன். "நான் வாலு கூடப் படுத்துக்கிறேன், எனக்கு எங்கன்னாலும் தூக்கம் வரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் முதலில் போய்க் கதவைத் திறந்து வைக்கிறோம். ரொட்டியெல்லாம் பேக்கரிக்காரர் பொறுப்பு. நீங்கள் வரும்போது விளக்கு ஒன்று கொண்டுவாருங்கள். பழையது திரி போய்விட்டது.

நேற்று வாலு சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "அப்பா, அவங்க எனக்கு ஆன்ட்டி. உங்களுக்குப் பிரெண்டு. மாமாவுக்கு அவங்க யாரு?"

மாமாவையே கேள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். தயாராக வாருங்கள்.

உங்கள்
மாப்பிள்ளை


ஜூன் 11

மச்சானுக்கு,

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். நீங்களே போன் செய்வீர்கள் என்று நினைத்தேன். செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்து பார்த்தால் உங்கள் கார் இல்லை. மூலை அறையில் படுக்கை விரிப்புகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மேஜை மேல் நீங்கள் கொண்டுவந்த விளக்கு. ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு சீட்டு இல்லை. வாலு எழுந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் மாமாவோடு கரையைச் சுற்றி நடக்கப் போவதாகப் பேச்சாம். கடைக்குப் போயிருப்பார் என்று பேக்கரிக்காரர் சொன்னார். அவர் பாவம், பொய் சொல்லத் தெரியாதவர். வாலு மத்தியானம் வரை அந்தப் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கரையில் நானும்தான் நின்றுகொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் நீங்களும் பேக்கரிக்காரரும் படகில் திரும்பி வந்தீர்கள். நான் அழைத்து வந்தவள் துண்டுகளை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள், தலையில் தொப்பி. நீங்கள் கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பட்டாணி, கயித்தப் பிடி!" என்று கத்தினீர்கள்.

அக்கா கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. பேக்கரிக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டார். நான் கோபப்படவில்லை மச்சான், சத்தியமாக இல்லை. எத்தனை வருஷம் அதே இடத்தில் நின்று பட்டாணி அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கிறாள். என் வாயிலும் வந்திருக்கும்.

இவள் துண்டுகளைப் போட்டுவிட்டு, "இதோ வரேண்ணா" என்று ஓடினாள். கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டினாள். நீங்கள் அவளை ஒரு பார்வை பார்த்தீர்கள். படகுத்துறைப் பலகைப் பக்கம் ஏறாமல், மறுபக்கம் இறங்கி, முழங்கால் தண்ணீரில் கால்சட்டையோடு நடந்து வீட்டுக்குள் போனீர்கள்.

அவள் என்ன தப்பு செய்தாள், சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அந்த வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரங்களையும் தேய்த்தாள். தேய்த்து அடுக்கியதையே எடுத்து மறுபடியும் தேய்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். குழந்தையை ஏன் படியில் உட்காரவைத்தீர்கள்?

மாப்பிள்ளை


ஜூன் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் வாலுவுக்கு. அவளிடம் நான் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவால்ல மாமா, ஆனா நான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்" என்றாள். அந்த "ஆனா" இருக்கிறதே, அது இன்னும் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. உங்கள் அக்காவும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். "திருடன் மாதிரி விடியறதுக்கு முன்னாடி ஓடி வரோம், நமக்கென்ன தலைவிதியா?" என்றாள். பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொன்னாள். நான் திருப்பவில்லை. அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைக்கிறாள், வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுகிறாள்.

உங்களுக்கு நான் உண்மையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே வந்ததே குறை கண்டுபிடிக்கத்தான். வெளியில் நல்லவன் மாதிரி கடிதம் எழுதிவிட்டு, உள்ளுக்குள் சாணை பிடித்துக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை வந்ததிலிருந்து நீங்கள் அழைத்து வந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமாகச் சிரிப்பாரா, சிரிக்கவில்லை. அடுக்களையில் அதிகாரம் செய்வாரா, செய்யவில்லை. எந்தக் கரண்டி எங்கே இருக்கும் என்று உங்கள் அக்காவிடம் கேட்டுக் கேட்டு அந்தந்த இடத்திலேயே வைத்தார். பேக்கரிக்காரர் தன் பழைய ஜோக்கை எடுத்துவிட்டார், மாவில் மோதிரத்தைத் தொலைத்த கதை. நாமெல்லாம் நூறு தடவை கேட்டது. புதிதாக வந்தவர் முதல் தடவை கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தக் கதைக்கு இவ்வளவு சிரிக்கலாம் என்றே எனக்கு மறந்துபோயிருந்தது. அதிலும் எனக்குக் கோபம். எதற்கென்று கேட்டால் தெரியாது.

அப்புறம் வாலு கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். வெயில் காலம் தொடங்கிவிட்டது என்றுதான் பெயர், பொழுது சாய்ந்தால் ஏரிக்காற்று எலும்பைத் தொடுகிறதே. பல் விழுந்த இடத்தைக் காட்டினாள். நான் பல்லைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தேன். பட்டாணி அந்த நீலக் கோட்டை வாங்கும்போது கடையில் நான் கூட இருந்தேன். வாலுவை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, தையல் எங்கேயாவது கோணலாக இருக்கிறதா என்று விரலால் தடவினேன். "உள்ள கைய விட்டுப் பாருங்க மாமா" என்றாள். கையை விட்டேன். மிச்சத் துணியை வெட்டி எறியாமல், மடித்து மடித்து உள்ளே வைத்துத் தைத்திருந்தார். "நான் வளர வளரப் பிரிச்சு விடலாமாம். கோட்டும் என்கூடவே வளருமாம்" என்றாள்.

அதற்குப் பிறகு குறை கண்டுபிடிப்பதை விட்டுவிட்டேன். ஒரு மனுஷியைப் பிடிக்காமல் இருக்க எனக்கிருந்த வழிகளையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகத் தைத்து மூடிவிட்டார்.

சனிக்கிழமை நன்றாகத்தான் இருந்தேன். நீங்களே பார்த்தீர்களே. படகில் பேக்கரிக்காரர் துடுப்புப் போட, நான் சும்மா உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மனம் லேசாக இருந்தது. அதுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது. மனம் கனமாக இருந்திருந்தால் எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கும். கரையில் பட்டாணி போடுகிற மாதிரி ஒரு தொப்பி தெரிந்தது, வாய் கூப்பிட்டுவிட்டது.

கூப்பிட்டதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நான் தினமும்தான் கூப்பிடுகிறேன். கடையில் தனியாக இருக்கும்போது, "பட்டாணி, இந்த ஆள் என்ன சொல்றான் பாரு" என்று பேசுவேன். பதில் வராது. பதில் வராத பெயராக அதைப் பழக்கி வைத்துக்கொண்டேன். அதற்கே எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

அன்றைக்குப் பதில் வந்தது. "இதோ வரேண்ணா" என்று. கயிறு அங்கே போய், ஒரு இழுப்பு விழுந்தது. அந்த இழுப்பில் நான் சந்தோஷப்பட்டேன், மாப்பிள்ளை. ஒரே ஒரு மூச்சு நேரம். உடம்பு முழுக்கச் சந்தோஷம். அவள் போனதெல்லாம் ஏதோ தப்பான தகவல், இதோ நிற்கிறாள், அவ்வளவுதான் என்று. அடுத்த மூச்சில் தொப்பிக்குக் கீழே வேறு முகம்.

அவர் முகத்தை நான் எப்படிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியும். கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பார்த்திருப்பேன். அவரிடம் சொல்லுங்கள், அந்தப் பார்வை அவருக்காக இல்லை. நான் என் தங்கையை இரண்டாவது தடவை இழந்தேன். இந்தத் தடவை என் கண்ணெதிரில், பலகை மேல், சாயங்கால வெளிச்சத்தில். முதல் தடவை ஆஸ்பத்திரியில் நீங்கள்தான் பக்கத்தில் இருந்தீர்கள், நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காலையில் எழுந்து எல்லோருக்கும் முன்னால் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பில்லை. அதனால் ஓடிவந்துவிட்டேன்.

குழந்தையைப் படியில் உட்காரவைத்தது என் தப்புதான்.

உங்கள்
மச்சான்


ஜூலை 3

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக்காட்டினேன். காட்டியிருக்கக்கூடாதோ என்னவோ. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவங்க பேரு எனக்குத் தெரியும். வாலு சொல்லியிருக்கா. அவர் கூப்பிட்டப்ப என்னை இல்லன்னும் தெரியும். ஆனா யாரும் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. அந்தப் பேரு தண்ணி மேலயே நின்னுச்சு, எடுத்துக்க ஆளில்லாம. எனக்கு ரொம்பப் பாவமா இருந்துச்சு. யாராவது ஒரு பதில் சொல்லிட்டா தேவலைன்னு ஓடிட்டேன். அண்ணான்னு வந்தது வாய்தவறி. எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல. யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்ல. தப்புன்னா மன்னிச்சிடச் சொல்லுங்க."

இதைத் தவிர அவள் உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம். வளர்த்துவானேன். செப்டம்பரில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். பெரிதாக ஒன்றும் இல்லை. பேக்கரிக்காரர், அவர் மனைவி, என் வேலையிடத்திலிருந்து இரண்டு பேர். பெண் தரப்பில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். அவளுக்கு யாரும் இல்லை.

நீங்கள் வந்து நின்றால் நன்றாக இருக்கும், மச்சான்.

இதை நான் கேட்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் அவளுக்கு அண்ணனாக நின்றால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். நான் உங்களுக்கு மாப்பிள்ளை, நீங்கள் எனக்கு மச்சான், வாலுவுக்கு மாமா. எதுவும் மாற வேண்டியதில்லை. எனக்கு உங்களை விட மனமில்லை. இதைப் போனில் சொல்லியிருந்தால் மறுபடி மழையைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

அவசரமில்லை. யோசித்து எழுதுங்கள்.

உங்கள்
மாப்பிள்ளை


ஜூலை 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

யோசித்துத்தான் எழுதுகிறேன். உங்கள் அக்காவிடமும் பேசிவிட்டேன். அவள் போகச் சொல்கிறாள். "ஒரு கையெழுத்துத்தானே, போய் நின்னுட்டு வாங்க" என்கிறாள். அவள் சொல்வதுதான் நியாயம். இருந்தாலும் என்னால் முடியாது.

கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னதைப் படித்துவிட்டுக் கடையின் பின்னறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நாங்களெல்லாம் பட்டாணிக்கு இவ்வளவு வேண்டியவர்கள், மரம் மாதிரி நின்றோம். அவளைப் பார்த்தே இராதவர், அந்தப் பெயருக்காகப் பாவப்பட்டு ஓடினார். அப்பேர்ப்பட்டவருக்கு அண்ணனாக நிற்க யாருக்கும் கசக்காது.

நான் அண்ணன் வேஷம் போடலாம். நன்றாகவே போடுவேன், எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் "அண்ணா" என்று அவர் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், நான் அவர் பக்கம் திரும்புவதற்கு முன்னால் வேறு எங்கேயோ ஒரு தடவை திரும்பிவிட்டுத்தான் வருவேன். அதை அவர் கண்டுபிடித்துவிடுவார். துணியில் ஒரு இழை பிரிந்தாலே தெரிந்துகொள்கிற கண் அது. வாழ்நாள் முழுக்க ஒருவர் முகத்தில் இன்னொருவரைத் தேடுகிற ஆளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு அது அவமானம். எனக்குத் தண்டனை. நடுவில் நீங்கள் வதைபடுவீர்கள்.

எல்லாம் இருந்தபடியே இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத்தான் பல தடவை படித்தேன். இருக்காது, மாப்பிள்ளை. இருப்பதாக நான் நடித்தால், பட்டாணி இருந்த இடமே தெரியாமல் போய்விடும். அவள் இல்லாததால் உங்கள் வீட்டில் ஒன்று மாறியாக வேண்டும். அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன்.

மச்சான் என்ற வார்த்தை அவள் வழியாக உங்களுக்கு வந்தது. அவள் போன பிறகும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் தூக்கி வந்துவிட்டோம். இங்கே இறக்கி வைத்துவிடுவோம். இனிமேல் அப்படி எழுத வேண்டாம். எழுதினால் நான் பிரித்துப் படித்துவிடுவேன், பிறகு பழையபடி ஆகிவிடும்.

வாலுவை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் அவளுக்கு மாமாதான், அதை யாரும் பதிவு செய்ய வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விடுமுறை விடும்போதெல்லாம் அனுப்பி வையுங்கள். உங்கள் அக்கா இப்போதே மாடி அறையைக் காலி செய்யத் தொடங்கிவிட்டாள். ஆன்ட்டி உங்களுக்கு யாரு என்று வாலு இன்னும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால், உன் கோட்டைத் தைத்தவர், நல்லவர் என்று சொல்வேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். இதை வாழ்த்து அட்டை மாதிரி எழுதவில்லை.

இப்படிக்கு,
பட்டாணியின் அண்ணன்


செப்டம்பர் 17

வாலுவின் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத ஏழெட்டு தடவை உட்கார்ந்தேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்பதிலேயே நின்றுவிட்டேன். வேறு எந்த வார்த்தையும் உங்களுக்குப் பொருந்தவில்லை. இது பொருந்துகிறது. பொய்யும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை பதிவு முடிந்தது. அலுவலகத்தில், "பெண் தரப்புல யாருங்க?" என்று கேட்டார்கள். நான் வாசல் பக்கம் பார்த்தேன். நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்தும் பார்த்தேன். பிறகு பேக்கரிக்காரர், "நான்தான். மாவு பிசையற கை, கையெழுத்து கொஞ்சம் கோணலா வரும், பரவாயில்லையா?" என்று முன்னால் போனார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைக்குட்டையைத் தேடினாள்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. மறைத்து எழுதினால் அதுவும் ஒரு நடிப்பு. நீங்கள் சொன்னதெல்லாம் சரி என்று புரிகிறது. புரிகிறது என்பதால் வருத்தம் குறையவில்லை. வேலையில் ஏதாவது வேடிக்கை நடந்தால், உங்களுக்கு எழுதலாம் என்று முதலில் தோன்றுகிறது. பிறகு ஞாபகம் வருகிறது. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அப்படி ஒரு குறை இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

வீட்டுக்காரர் போன் செய்தார். ஏரிக்கரை வீட்டை அடுத்த ஜூனுக்கு எடுக்கிறீர்களா என்று இப்போதே கேட்கிறார். வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

வாலுவுக்கு அடுத்த வாரம் விடுமுறை. சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் அழைத்து வருகிறேன். உங்கள் ஊருக்கு முற்பகலில் வந்துவிடும். இருமல் இருக்கிறது, ஐஸ் கேட்டால் கொடுக்க வேண்டாம். கொடுப்பீர்கள் என்று தெரியும், ஒன்றோடு நிறுத்துங்கள். தூங்கும்போது விளக்கை அணைக்கக்கூடாது. நடுவில் அம்மாவைக் கேட்டு எழுந்தால், பேச வேண்டாம், முதுகைத் தடவிக் கொடுத்தால் போதும், தூங்கிவிடுவாள். இதை அக்காவிடம் சொல்லுங்கள். அக்கா என்று எழுதலாமா என்று யோசித்தேன். அதை மட்டும் மாற்ற எனக்குக் கை வரவில்லை.

பஸ் உங்கள் ஊரில் சிறிது நேரம் நின்றுவிட்டு, அப்படியே திரும்பிவிடும். நான் இறங்கவில்லை. ஜன்னலோரமாக உட்கார்ந்து வருகிறேன். நீங்கள் படிக்குப் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினால், அவளை இறக்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா